முப்பத்தைந்துக்கு மேல் வேண்டாம்

கலியாணசுந்தரத்துக்குத் தொய்வு என்றால் ஆகாது. துணி காயப்போடும் கொடி கொஞ்சம் தொங்கினால் இழுத்துக் கட்டுவார். அது அறுந்து துவைத்த துணியெல்லாம் தரையில் புரளும். மறுபடியும் இழுத்துத்தான் கட்டுவார். குழாயை அவர் மூடிவிட்டால் வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. ஊறுகாய் பாட்டிலும் அப்படித்தான். முப்பது வருஷமாகப் பட்டுத்தறியில் உட்காருகிற கை அது. நீளவாக்கில் ஓடுகிற பாவில் ஒரு நூல் தொய்ந்தாலும் புடவை காட்டிக்கொடுத்துவிடும் என்று பழகிய கை.

அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு, போன வருஷம் அவர் தன் மனைவியின் சைக்கிளுக்குக் காற்று அடித்தார். அது முதல் தப்பு. அடித்ததை இன்னும் அவளிடம் சொல்லாமல் இருந்தது இரண்டாவது தப்பு. முதல் தப்பைக் கடவுள்கூட மன்னிப்பார், பாவம், ஆசையில் செய்தது. இரண்டாவதுதான் மனிதரைத் தூங்கவிடவில்லை.

அவர் மனைவி மங்கையர்க்கரசி. வயது நாற்பத்து நான்கு. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுத் தறியில் அவருக்கு வலப்பக்கம் உட்காருகிறவள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவையை ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. வலது கரைக்கு ஓர் ஆள் வேண்டும். குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடாவை இவர் தள்ள வேண்டும், அவள் வாங்க வேண்டும். கரை நாடாவைக் கோத்து அவள் திருப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆள் மங்கைதான். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் உட்கார்ந்தவள்.

சைக்கிள் மகன் முத்துக்குமாருடையது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது வீட்டில் விட்டுப் போனான். அகலமான டயர், வளைந்த கைப்பிடி, மண்ணிலும் கிராவல் சரளையிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. இடுப்பு வலிக்காக மங்கை சின்ன காஞ்சிபுரத்தில் ஸிந்துஜா என்கிற பிசியோதெரபிஸ்டிடம் போனாள். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கூட்டத்தை நடத்துகிறவள். "வீட்ல சைக்கிள் சும்மா நிக்குதாக்கா? அப்ப மருந்தே வேண்டாம்" என்றாள். தறிக்கு லீவு விடுகிற அமாவாசை அமாவாசையாக ஆரம்பித்தது, பிறகு ஞாயிறுக்கும் தொற்றிக்கொண்டது. சுடிதார் போட்டு, தலையில் ஹெல்மெட்டை வைத்து, நெற்றியில் விபூதி கலையாமல் அவள் கிளம்புவதை வாசலில் நின்று பார்ப்பது கலியாணசுந்தரத்துக்கு அவ்வளவு பிடிக்கும். அவர் அதை அவளிடம் சொன்னதில்லை. ஆனால் தெருமுனை திரும்பும்வரை உள்ளே போகமாட்டார்.

ஸிந்துஜாவின் கூட்டம் வருஷத்துக்கு ஒருமுறை நூறு கிலோமீட்டர் கிராவல் ரைடு நடத்துகிறது. செவிலிமேட்டில் கிளம்பி, பாலாற்றங்கரை மண்பாதை, நாலைந்து ஏரிக்கரைகள், பிறகு மூன்று ஆறும் கூடுகிற திருமுக்கூடல், அங்கிருந்து திரும்பி ஊர். போன வருஷம் மங்கை பேர் கொடுத்தாள். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து திருமுக்கூடலைப் பார்த்ததில்லை, சைக்கிளிலேயே போய்ப் பார்க்கப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

ரைடுக்கு முதல் நாள் ஸிந்துஜா வந்து சைக்கிளைச் சரிபார்த்து, டயருக்கு முப்பத்தைந்து காற்று வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் மங்கை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போன நேரத்தில் கலியாணசுந்தரம் சைக்கிளுக்குத் திருஷ்டி கழிக்கலாம் என்று போனவர், பழக்கதோஷத்தில் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று உள்ளே போனது. நூறு கிலோமீட்டர் போகவேண்டிய டயர் இப்படியா தொளதொளவென்று இருக்கும்? பம்பை எடுத்து அடித்தார். பம்பில் இருந்த அளவு முள் எழுபதைத் தொட்டது. அமுக்கிப் பார்த்தார். கருங்கல். நிம்மதியாக எலுமிச்சம்பழத்தை நறுக்கினார். இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மங்கை வேனில் வந்து இறங்கினாள். முடியாதவர்களை ஏற்றிவருவதற்கென்று கூட்டத்தார் முன்னும் பின்னும் ஓட்டுகிற வேன் அது. கூரைமேல் சைக்கிளைக் கட்டி, தெருவே பார்க்கும்படி முனையில் நிறுத்தினார்கள். நாற்பது கிலோமீட்டரில் இரண்டு கையும் மரத்துப்போய், பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காமல், கரையோரத்து முள்வேலிக்குள் போய் விழுந்திருக்கிறாள். எதிர்வீட்டு சுகாசினி அன்றைக்கு வைத்த பேர்தான் 'வேன் மங்கை'. சுகாசினிக்குக் கெட்ட மனசு கிடையாது. வாய்தான். மங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்குள் வந்து சிரிக்கவில்லை. கையை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் கை அவ்ளோதாங்க. வயசாயிடுச்சு போல இருக்குது" என்றாள்.

கையால் பிழைக்கிறவர்களுக்கு அது லேசான பேச்சில்லை. சர்க்கரை இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை. நரம்பாக இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார். கலியாணசுந்தரம்தான் எல்லா இடத்துக்கும் அழைத்துப் போனார். தைலம் வாங்கிவந்து அவரே தேய்த்தும் விட்டார். காரணம் தன் வீட்டுப் பம்பு என்று அவருக்கு அப்போது சத்தியமாகத் தெரியாது.

பங்குனி மாசம் தெரிந்தது. இந்த வருஷ ரைடுக்கும் பேர் கொடுக்கலாமா என்று கேட்க மங்கை ஸிந்துஜாவை வீட்டுக்கு அழைத்திருந்தாள். காபி குடித்துக்கொண்டே அந்தப் பெண் விளக்கினாள்.

"கிராவல்ல காத்து கம்மியாதான் இருக்கணும்க்கா. டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தாதான் கல்லை அது வாங்கிக்கும். கல்லு மாதிரி அடிச்சுட்டா ஒவ்வொரு குலுக்கலும் நேரா கைக்கு வரும். நாங்களே முப்பது கிலோமீட்டர் தாங்கமாட்டோம், கை மரத்துடும். உங்களுக்கு நான் முப்பத்தஞ்சுதான் வச்சேன், அதனால அது காரணம் இல்ல. உங்களுக்குக் கையில பலம் பத்தலை. அவ்ளோதான்."

கலியாணசுந்தரம் தம்ளரைக் கீழே வைத்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்நியப் பெண் முன்னால் எப்படி என்று விட்டார். ராத்திரி சொல்லியிருக்கலாம். மங்கை அலுத்துப்போய்ப் படுத்திருந்தாள். மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் அவள் ஸிந்துஜா சொன்னபடி ஒரு ரப்பர் பந்து வாங்கிவந்துவிட்டாள். கைக்குப் பலம் ஏற்றுகிற பந்து.

நாலு மாசம் அந்தப் பந்து அவரைப் படுத்திய பாட்டை எழுதி மாளாது. சோறு வடிக்கும்போது இடது கையில் பந்து. டிவி பார்க்கும்போது வலது கையில் பந்து. பஸ்ஸில் போனால் பையில் பந்து. நாளைக்கு இருநூறு தடவை அமுக்க வேண்டுமாம். அவள் வாய்விட்டு எண்ணுவாள், இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒருதரம் பந்தைப் பரண்மேல் ஒளித்துக்கூட வைத்தார். அவள் வேறு ஒன்று வாங்கிவிட்டாள்.

மற்றபடி அவள் தயாரான விதத்தைப் பார்த்தால் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அப்படித் தயாராக மாட்டார்கள். சீட்டை ஒரு விரல்கடை உயர்த்தினாள். செயினைக் கெரசின் விட்டுத் துடைத்து, துளித்துளியாக எண்ணெய் போட்டாள். மாற்று ட்யூப், டயர் கழற்றுகிற நெம்புகோல், சின்ன பம்பு எல்லாம் சீட்டுக்கு அடியில் ஒரு பையில். ட்யூப் மாற்ற எட்டு நிமிஷம், கடிகாரம் வைத்துப் பழகினாள். கடையில் விற்கிற சத்து மாவுக்கட்டியைத் தின்று பார்த்துத் துப்பிவிட்டு, மிளகு சுக்கு போட்ட நம் ஊர் இட்லியே போதும், ரெண்டு நாள் கெடாது என்று முடிவெடுத்தாள். தார் ரோட்டில் அறுபது கிலோமீட்டர்வரை அலட்டிக்கொள்ளாமல் போய்வந்தாள்.

கிராவலில் மட்டும் போகவில்லை. நத்தப்பேட்டை ஏரிக்கரையில் ஏறுவாள், நாலாவது கிலோமீட்டரில் விரல் லேசாகக் குறுகுறுத்தாலே திரும்பிவிடுவாள். அது மரப்பே இல்லை, பயம் என்பது கலியாணசுந்தரத்துக்குத் தெரியும். உலகத்திலேயே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

ரைடுக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, தறியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை, ஒரு கல்யாணப் புடவை. நாடா போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"ஸிந்துஜாவுக்கு போன் பண்ணி சொல்லிட்டேங்க" என்றாள் மங்கை. "நூறு வேணாம், அம்பதுல என் பேரை மாத்திடுன்னு. அம்பதுல திருமுக்கூடல் வராது. பரவாயில்ல. மறுபடியும் வேன்ல வந்து எறங்க என்னால முடியாது."

கலியாணசுந்தரம் மிதியை அழுத்தினார்.

"இதோட சைக்கிளை முத்துக்கே அனுப்பிடலாம். தறியில உக்கார்றதுக்காவது கை மிச்சம் இருக்கட்டும்" என்றாள்.

தறியில் ஒரு சௌகரியம் உண்டு. இருவரும் துணியைத்தான் பார்க்க வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இந்த வீட்டின் பெரிய பேச்செல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது.

"மங்கை."

"ம்."

"போன வருஷம் உன் சைக்கிளுக்கு நான் காத்து அடிச்சேன்."

நாடா போனது. வந்தது.

"எப்போ?"

"மொத நாள் சாயங்காலம். நீ கோயிலுக்குப் போயிருந்த. அமுக்கிப் பார்த்தேன், மெத்துனு இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல."

"எவ்ளோ அடிச்சீங்க?"

"எழுபது."

நாடா போனது. திரும்பி வரவில்லை.

கலியாணசுந்தரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கரையின் ஓரத்தில் அவள் விரல்கள் நாடாவைப் பிடித்தபடி அசையாமல் இருந்தன.

"சக்கரை டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கினு போனீங்க" என்றாள்.

"அப்போ தெரியாது. காமாட்சி மேல சத்தியம்."

"எப்போ தெரியும்?"

"ஸிந்துஜா வந்து சொல்லுச்சே, பங்குனியில."

"நாலு மாசம்." அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நாலு மாசமா நான் பந்தை அமுக்கிக்கினு இருக்கறேன். நீங்க பாத்துக்கினு இருக்கறீங்க."



மங்கை நாடாவைத் துணிமேல் மெதுவாக வைத்தாள். எவ்வளவு கோபம் வந்தாலும் நெசவாளி நாடாவை எறியமாட்டாள். எறிந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்தாள். உள்ளே பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சைக்கிள் வாசற்படி இறங்குகிற சத்தம். அன்றைக்குத்தான் அவர் எழுந்து போய் வாசலில் நின்று பார்க்கவில்லை.

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க முடியாமல், வலது கரையையும் தானே எட்டிப் போட்டுப் பார்த்தார். எட்டினால் உடல் தொய்ந்தது, உடலை இழுத்தால் கரை தொய்ந்தது. இரண்டு வரி போட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. போட்ட இரண்டு வரியையும் இழை இழையாகப் பிரித்தெடுத்தார். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றும் அவசரமில்லை.

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அவள் வந்தாள். முழங்கால்வரை செம்மண். முகம் அழுது கழுவிய முகம் மாதிரி இருந்தது. ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஸிந்துஜா வீட்டுக்குப் போயி பேரை மறுபடியும் நூறுல எழுதச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள் துணியைப் பார்த்து. "எங்க வீட்டுக்காரர் பண்ண வேலைன்னும் சொல்லிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு சிரிக்குது."

"மங்கை, என்ன மன்னிச்சிடு."

"என்னை நானே எவ்ளோ திட்டிக்கினேன் தெரியுமா? கண்ணாடியில பாத்துத் திட்டிக்கினேங்க. கெழவி, உனக்கு எதுக்குடி சைக்கிள்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மன்னிக்கறதெல்லாம் ஞாயித்துக்கெழமைக்கு மேல பாக்கலாம். மொதல்ல முப்பத்தஞ்சுல ஓட்டி இந்தக் கையைப் பாக்கணும். இப்போ நாடா போடுங்க."

போட்டார். அவள் வாங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பம்பை அவளே எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். நாலு மாசமாக அந்தப் பம்பைத் தொடாதவர் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீங்களே வைங்க" என்றாள். "வேற யாரு வச்சாலும் நீங்க பின்னாடி வந்து அமுக்கிப் பாப்பீங்க."

மூடியைத் திறந்து, தார் ரோட்டுக்கென்று வைத்திருந்த காற்றை விட்டார். புஸ்ஸென்று வந்தது. முள் நாற்பதில் நின்றது. அவருக்கு அதுவே போதும் போலத்தான் இருந்தது.

"இன்னும் விடுங்க."

முப்பத்தெட்டு. "மங்கை, ரொம்ப தொளதொளன்னு..."

"விடுங்கன்றேன் இல்ல."

முப்பத்தைந்து. கட்டைவிரலால் அமுக்கினார், உள்ளே போனது. அவருடைய ஒவ்வொரு எலும்பும் வேண்டாம் என்றது. மூடியைப் போட்டார். அதை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு செவிலிமேட்டில் அறுபது பேரோடு அவளும் கிளம்பினாள். கலியாணசுந்தரம் பஸ் பிடித்து, வாலாஜாபாத்தில் மாறி, எட்டு மணிக்கெல்லாம் திருமுக்கூடலில் போய் நின்றுவிட்டார். கோயில் பக்கத்து மரத்தடியில் ஸிந்துஜா நோட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்களின் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தாள். எழுபதாவது கிலோமீட்டர் அது. அவரைப் பார்த்ததும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் ஆற்றைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். மூன்று ஆற்றிலும் சேர்த்து அன்றைக்கு முழங்கால் தண்ணீர்தான் இருந்தது.

ஒன்பதரைக்கு வேகமானவர்கள் வந்து போனார்கள். பத்தேகாலுக்குக் கரைமேல் புழுதி கிளம்பியது. எட்டிப் பார்த்தார். வேன்.

கூரைமேல் மூன்று சைக்கிள் கட்டியிருந்தது. ஒன்று அகல டயர், வளைந்த கைப்பிடி. கையில் இருந்த இட்லிப் பொட்டலத்தை மார்போடு இறுக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார். கதவு திறந்தது. சென்னையிலிருந்து வந்த மூன்று வாலிபர்கள், வெயிலில் வாடிப்போய்ச் சாய்ந்து கிடந்தார்கள். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தார். அவள் இல்லை.

"யாரத் தேடறீங்க அங்கிள்?"

"ஒண்ணுமில்லப்பா. நீங்க நல்லா இருங்க" என்றார். மனசாரச் சொன்னார்.

பத்து ஐம்பதுக்கு அவள் வந்தாள். புழுதியில் புருவமே தெரியவில்லை. மரத்தடிக்கு வந்து, பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி நின்றாள். ஸிந்துஜாவைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பத்து விரலையும் மடக்கினாள். விரித்தாள். மடக்கினாள். விரித்தாள்.

"பாருங்க" என்றாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் திருப்பி இறுக்கினாள். இருநூறு இருநூறாக நாலு மாசம் பந்தை அமுக்கிய கை. அவர் விரல் நொறுங்குவது போல வலித்தது, விடச் சொல்லவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றாள். ஆற்றைப் பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ பேசினேன்" என்று சிரித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"சரி, நான் முன்னாடி பஸ்ஸுல போயி..." என்று ஆரம்பித்தார் அவர்.

"பஸ்ஸுலயா? யாரு சொன்னா?" மங்கை வேனைக் காட்டினாள். "அதுல போங்க. நம்ம தெரு முனையிலயே எறக்கிவிடச் சொல்லி ஸிந்துஜாகிட்ட சொல்லிட்டேன். மன்னிப்பு கேட்டீங்க இல்ல? போயி எறங்குங்க."

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

பகல் பன்னிரண்டுக்கு வேன் தெருமுனையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையிலிருந்து திரும்புகிறவர்கள், குழாயடி, எல்லோரும் இருந்தார்கள். வேனைப் பார்த்ததும் சுகாசினி குடத்தை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். கதவு திறந்தது. கசங்கிய வேட்டியோடு கலியாணசுந்தரம் இறங்கினார்.

"இன்னாண்ணா, நீங்க வர்றீங்க? மங்கை எங்க?"

தெருவில் அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மங்கை சைக்கிள்ல வந்துக்கினு இருக்குது" என்றார். "போன வருஷம் வேன்ல வந்தது அது தப்பு இல்லமா. நான் டயருக்குக் காத்தைக் கண்ணு மண்ணு தெரியாம அடிச்சி வச்சிட்டேன். அதான் கை மரத்துப்போச்சு. வேன்ல வரவேண்டியவன் நான்தான். அதான் இன்னிக்கி வந்துட்டேன்."

சுகாசினி சிரித்த சிரிப்பில் குடம் உருண்டது. அவர் நகரவில்லை. வெயிலில் அங்கேயே நின்றார். ஆளாளுக்கு வந்து விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார், எழுபது என்பதையும் விடாமல் சொன்னார்.

ஒன்றரை மணிக்கு மங்கை தெருவுக்குள் திரும்பினாள். கழுத்தில் நூறு கிலோமீட்டர் முடித்ததற்கு ஒரு சிவப்பு ரிப்பன். குழாயடியில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். அவள் இறங்கி, சைக்கிளை அவரிடம் கொடுத்தாள்.

"காத்து இருக்குதா பாருங்க" என்றாள்.

கலியாணசுந்தரம் குனிந்து கட்டைவிரலால் அமுக்கினார். டயர் மெத்தென்று உள்ளே போனது.

"சரியா இருக்குது" என்றார்.